லூசியானா ஐரிஸ்: நட்டு, கலந்து, கொண்டாடி

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் காலைச் சமையல் தாமதமாகிவிடும். காபி டம்ளரோடு பின்பக்கம் போகிறவள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே வருவேன். முதல் நாள் சாயங்காலம் மடித்த குடை போல முறுக்கிக்கொண்டிருந்த மொட்டு, விடிவதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து நிற்கும். அந்தப் பூவை அதற்கு முன் யாருமே பார்த்ததில்லை. நான் மகரந்தம் தடவி, விதை எடுத்து, நாற்று விட்டு, மூன்று வருடம் தண்ணீர் ஊற்றிப் பூக்க வைத்த செடி அது.

நான் பிறந்தது மன்னார்குடி பக்கம். 2009இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய ஜெஃபர்சன் பாரிஷில் குடியேறினோம். இங்கே மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள். வந்த அடுத்த வசந்தத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பாரடாரியா சதுப்பு நிலத்துக்குப் போனார். ஜீன் லஃபீட் தேசியப் பூங்காவைச் சேர்ந்த இடம் அது. மரப்பலகை நடைபாதையின் இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்துக்கு நீல ஐரிஸ், கண்ணுக்கு எட்டிய வரை. காலடியில் கறுப்புச் சேறு, தவளைச் சத்தம், ஈர மண் வாசனை. எங்கள் ஊர் வாய்க்கால் ஓரத்தில் நிற்பது போலவே இருந்தது. இந்த ஊரில் எனக்குப் பழகிய மண் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் மனம் சமாதானமானது.

அன்றிலிருந்து இந்தப் பூவோடுதான் இருக்கிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் சொல்லிச் சொல்லி, இப்போது உட்கார்ந்து எழுதிவிட்டேன். மாதக் கணக்கெல்லாம் தெற்கு லூசியானாவுக்குச் சொல்கிறேன். ஹூஸ்டனுக்கும் ஏறக்குறைய பொருந்தும். வடக்கே போகப் போகப் பூ தள்ளிப் போகும். சிட்னியில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கேயும் இந்தச் செடியைக் கலந்து அருமையான ரகங்கள் எடுத்திருக்கிறார்கள்.

யார் யார் இந்தக் குடும்பத்தில்

கடையில் பரவலாகக் கிடைக்கும் தாடி ஐரிஸ் வேறு. அதன் கீழ் இதழில் மயிர்க்கற்றை போல ஒன்று இருக்கும், அதற்குத் தண்ணீர் தேங்கவே கூடாது, கிழங்கு வெயிலில் காய வேண்டும். லூசியானா ஐரிஸுக்கு எல்லாமே தலைகீழ். பொதுவான ஐரிஸ் குறிப்புகளைப் படித்துவிட்டு இதைக் காய வைத்துக் கொன்றவர்களை எனக்குத் தெரியும்.

லூசியானா ஐரிஸ் என்ற பெயருக்குள் ஐந்து இனங்கள் அடங்கும். ஐரிஸ் ஜைகாண்டிசெருலியா நான்கடி, சில நேரம் ஐந்தடிகூட வளரும் நீலப் பூ. 1990இல் லூசியானாவின் மாநிலக் காட்டுப்பூவாக அறிவிக்கப்பட்டது. ஐரிஸ் ஃபுல்வா குட்டை, தேய்த்து வைத்த செப்புக் குடத்தின் நிறம், இதழ்கள் எல்லாம் கீழ்நோக்கித் தொங்கும். ஐரிஸ் பிரெவிகாலிஸ் இன்னும் குட்டை. தண்டு ஒவ்வொரு கணுவிலும் திசை மாறி வளைந்து வளைந்து போகும், பூ நீலம், எல்லாவற்றுக்கும் கடைசியில் பூக்கும். ஐரிஸ் ஹெக்ஸகோனா ஃபுளோரிடா பக்கத்துச் செடி. ஐந்தாவது ஐரிஸ் நெல்சனியை, உயரமான சிவப்பு. உலகத்திலேயே அபவில் என்ற ஊருக்குத் தெற்கே, வெர்மிலியன் பாரிஷின் ஒரு சின்னச் சதுப்பில் மட்டும்தான் அது இயற்கையாக வளர்கிறது. அபவில்லைச் சேர்ந்த டபிள்யூ. பி. மெக்மில்லன் 1930களின் கடைசியில் அதை வெளி உலகத்துக்குக் காட்டினார். தனி இனம் என்று பெயர் கிடைத்தது 1966இல்தான். லஃபாயெட்டில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்த ஐரா நெல்சனின் பெயரை வைத்தார்கள்.

இந்த இனங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தாமாகவே கலந்துவிடும். சிவப்புப் பூவைத் தேன்சிட்டு போன்ற ஹம்மிங் பறவை தேடி வரும், நீலப் பூவுக்குப் பெரிய வண்டுத்தேனீ வரும். இரண்டும் சில நேரம் தடம் மாறும். அப்படித் தடம் மாறிய இடத்தில் ஊதா, மெரூன், வெங்காயத்தோல் நிறம் என்று என்னென்னவோ முளைக்கும். 1920களில் நியூயார்க் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஜான் ஸ்மால் இங்கே வந்து இந்த நிறங்களைப் பார்த்து மலைத்துப்போய், 80க்கும் மேற்பட்ட தனி இனங்கள் என்று பெயர் சூட்டிவிட்டார். அவற்றில் பெரும்பாலானவை இயற்கையான கலப்புகள் என்று 1935இல் நியூ ஆர்லியன்ஸ்காரர் பெர்சி வியோஸ்கா எழுதினார். நாம் தோட்டத்தில் இடுக்கியும் கையுமாக உட்கார்ந்து செய்வது, வாய்க்கால் ஓரத்தில் தேனீ செய்து வந்த அதே வேலைதான்.

அதனாலேயே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கலாம். ஆனால் கலந்த செடியை, கலந்த விதையை, வேண்டாமென்று பிடுங்கிய நாற்றைக்கூடச் சதுப்பிலோ ஊர் வாய்க்காலிலோ போடக் கூடாது. அங்கே மிச்சமிருப்பது அந்த இடத்துக்கே உரிய கூட்டம். அது அதன்போக்கில் இருக்கட்டும். அதேபோல அங்கிருந்து ஒரு கிழங்கைக்கூடப் பிடுங்கி வராதீர்கள். தேசியப் பூங்காவில் அது சட்டப்படி குற்றம், மற்ற இடங்களில் அது களவு.

கிழங்கு வாங்கும்போது

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது வருடம் ஒரு கடையில் "நாட்டு நீர் ஐரிஸ்" என்று எழுதி வைத்திருந்த நான்கு தொட்டிகளை ஆசையாக வாங்கி வந்தேன். படுவேகமாக வளர்ந்தது. இரண்டாம் வசந்தத்தில் பூத்தது பளீர் மஞ்சள். ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள் நீர் ஐரிஸ், ஐரிஸ் சூடகோரஸ். இங்கே சதுப்புகளை அடைத்துக்கொண்டு உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளுகிற களை அது. நான்கு தொட்டியிலிருந்து பரவிய வேரைத் தோண்டி எடுக்க இரண்டு வார இறுதி போனது. உடைந்து மண்ணில் தங்கிய துண்டுகள் அடுத்த வருடமும் தலைகாட்டின. நான் அழுதே விட்டேன்.

பூ இல்லாதபோதும் அதைக் கண்டுபிடிக்கலாம். இலையை விரலுக்கு நடுவில் வைத்து உருவிப் பாருங்கள். மஞ்சள் ஐரிஸ் இலையின் நடுவில் ஒரு நரம்பு தடித்து மேடாக நெருடும். லூசியானா ஐரிஸ் இலை ஏறக்குறைய வழவழவென்று போகும். விதையிலும் வித்தியாசம் உண்டு. அதன் விதை வட்டமாகத் தட்டையாகப் பழுப்பாக இருக்கும், நம்முடையது தக்கைத் துண்டு போலப் பருமனாக இருக்கும்.

பெயர் தெரிந்த கிழங்காக வாங்குங்கள். லூசியானா ஐரிஸ் சங்கங்களின் உறுப்பினர்கள் விற்கும் இடம், ஏலம், தெரிந்த தோட்டக்காரர், இந்த மூன்றையும்தான் நான் நம்புகிறேன். தொடங்குகிறவர்களுக்கு ஆர்கன்சாவின் ஃபிராங்க் சவுனிங் எடுத்த 'பிளாக் கேம்காக்' என்ற கருநீலமும் 'ஆன் சவுனிங்' என்ற சிவப்பும் போதும். இரண்டும் எந்த மண்ணிலும் முகம் கோணாமல் வரும்.

நடவு

ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. கோடையில் இந்தச் செடி அரைத்தூக்கத்தில் இருக்கும், இலை காய்ந்து சுருளும், செத்துப்போனதோ என்று பயம் வரும். சாகாது. வெயில் தணிந்ததும் புது இலை விட்டு, குளிர்காலம் முழுக்க வளரும்.

முதல் தடவை கிழங்குகள் தபாலில் வந்தபோது அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"என்னடி இது, மஞ்சள் கிழங்கா?"

"இல்லம்மா, பூச்செடி."

"சரி, அப்ப மஞ்சள் மாதிரியே வை. ரொம்ப ஆழத்துல புதைக்காதே. தலை மூடினா போதும்."

அவ்வளவுதான் ரகசியம். கிழங்கைப் படுக்க வைத்து, மேலே ஓர் அங்குல மண். செடிக்குச் செடி ஒன்றரை அடி விட்டேன், இரண்டு வருடத்தில் அதுவும் போதவில்லை. தினமும் குறைந்தது அரை நாள் வெயில் வேண்டும். நிழலில் இலை மட்டும் செழிக்கும், பூ வராது.

மண் கொஞ்சம் புளிப்பாக இருக்க வேண்டும், அமில காரக் கணக்கில் 6.5 அல்லது அதற்கும் கீழே. எங்கள் வீட்டு ஆற்று மண் அதைவிடக் கூடுதலாக இருந்தது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் மையம் மண் பரிசோதித்துத் தரும். ஒவ்வொரு பாரிஷிலும் அதன் அலுவலகம் இருக்கிறது. நான் பைன் பட்டைத்தூளும் மக்கிய இலையும் தாராளமாகக் கலந்தேன். குழாய்த் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் நல்லது என்று ஒரு பீப்பாய் வைத்துப் பிடிக்கிறேன்.

குளம் வேண்டியதில்லை. அடியில் ஓட்டை இல்லாத இரண்டடி அகலப் பிளாஸ்டிக் தொட்டி போதும். மண்ணை வயல் சேறு பதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்கு மேலே தண்ணீர் நின்றாலும் நான்கைந்து அங்குலம் வரை இது தாங்கும், ஆனால் தண்ணீர் நின்றால் கொசு வரும். கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ என்ற பாக்டீரியா வில்லை ஒன்று போட்டு வையுங்கள்.

உரத்தில் கஞ்சத்தனம் கூடாது, நல்ல தீனிக்காரச் செடி இது. அசேலியா, கமேலியா செடிகளுக்கென்று விற்கும் உரத்தை அக்டோபரில் ஒரு தடவை, ஜனவரி கடைசியில் ஒரு தடவை போடுகிறேன். அப்புறம் பைன் ஊசியிலையை இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்பி மூடிவிடுங்கள். கோடை வெயில் கிழங்கின் மேல் நேராகப் பட்டால் வெந்து அழுகிவிடும்.

இன்னொன்று, புதிதாக வளர்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது: போன வருடம் பூத்த இடத்தில் இந்த வருடம் ஏன் பூக்கவில்லை? வாழையை நினைத்துக்கொள்ளுங்கள். குலை தள்ளிய வாழை மறுபடி தள்ளாது, பக்கக் கன்றுதான் தள்ளும். இங்கேயும் பூத்த கிழங்கு திரும்பப் பூக்காது, அதன் பக்கத்தில் விட்ட கன்றுகள் பூக்கும். அதனால் தூர் ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே போகும். இரண்டு மூன்று ரகத்தை நெருக்கமாக நட்டால் நான்காம் வருடம் எது எது என்று உங்களுக்கே தெரியாது. கலப்புச் செய்ய நினைப்பவர் ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனித் தொட்டியில் வைப்பது நல்லது.

கலப்பு

ஒரு பூவைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள், சுலபமாகப் புரியும்.

வெளியே மூன்று பெரிய இதழ்கள் கீழ்நோக்கி விரிந்திருக்கும். அவற்றின் கழுத்தில் மஞ்சளாக ஒரு தீற்று இருக்கும், தேனீக்கு வழிகாட்டி அது. உள்ளே சற்றுச் சிறிய மூன்று இதழ்கள். நடுவிலிருந்து மூன்று கிளைகள் வெளிப்பக்கமாக வளைந்து, ஒவ்வொன்றும் ஒரு பெரிய இதழின்மேல் கூரை போலக் கவிந்திருக்கும். பார்த்தால் இதழ் போலத்தான் தெரியும், ஆனால் அவை பெண் பாகத்தின் சூல்தண்டுகள். அந்தக் கூரையை விரலால் மெல்லத் தூக்குங்கள். அடியில் நீளமாக, அரிசிமணியை இழுத்துவிட்டது போல ஒரு மகரந்தப்பை படுத்திருக்கும். கூரையின் நுனிக்குச் சற்றுக் கீழே, குறுக்காக ஒரு சின்ன உதடு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சூலகமுடி. தேனீ உள்ளே நுழையும்போது அதன் முதுகு உரசுகிற பக்கம், அதாவது பூவின் வாசலைப் பார்த்த பக்கத்தில்தான் மகரந்தம் ஒட்ட வேண்டும். நான் முதல் வசந்தம் முழுக்க உட்பக்கத்தில் தடவிக்கொண்டிருந்தேன், ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

தாயாக வைக்கும் பூவை நாளைக்கு விரியப்போகும் மொட்டாகத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் சாயங்காலம் மொட்டின் இதழ்களை மெதுவாகப் பிரித்து, கீழே விரியும் மூன்று பெரிய இதழ்களையும் கிள்ளி எடுத்துவிடுங்கள். தேனீ இறங்கத் திண்ணை இருக்காது. மூன்று மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டால் தன் மகரந்தமே தன்மேல் படாது. மறுநாள் காலை ஒன்பது பத்து மணிக்குப் பனி உலர்ந்ததும், தந்தைச் செடியில் அன்றைக்கு விரிந்த பூவிலிருந்து ஒரு மகரந்தப்பையை இடுக்கியில் பிடித்து, தாயின் மூன்று உதடுகளிலும் தடவுங்கள். திருநீறு பூசியது போல வெள்ளையாகத் தெரிய வேண்டும். மூன்றிலும் தடவினால் விதை கூடுதலாகப் பிடிக்கும். மகரந்தம் நனைந்தால் வீண், மழை நாளில் வேலையைத் தள்ளிப்போடுங்கள். தந்தைப் பூ முந்திக்கொண்டால், மகரந்தப்பைகளை வீட்டுக்குள் உலர வைத்துச் சின்ன டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாட்களுக்குத் தாங்கும். பிரெவிகாலிஸ் கடைசியில் பூப்பதால் எனக்கு இந்த டப்பா இல்லாமல் முடியாது.

உடனே சீட்டுக் கட்டிவிடுங்கள், அப்புறம் என்று விடாதீர்கள். தாய் பெயர், பெருக்கல் குறி, தந்தை பெயர், தேதி. எப்போதும் தாயே முதலில். பேனா மை வெயிலில் இரண்டு மாதத்தில் வெளுத்துவிடும், பென்சில் நிற்கும். மெல்லிய அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதினால் புயலுக்கும் நிற்கும். நோட்டிலும் எழுதுங்கள். என் முதல் கலப்புகளில் மூன்றுக்குத் தந்தை யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பேனாவால் எழுதியதன் பலன்.

எதை எதோடு கலப்பது? காரணம் இருக்க வேண்டும். ஃபுல்வாவின் செப்பு நிறம் பிடிக்கும், ஆனால் பூ தொங்குகிறது, தண்டு குட்டை. ஜைகாண்டிசெருலியாவுக்கு உயரம் உண்டு. அதனால் இரண்டையும் சேர்த்தேன். முதல் தலைமுறையில் செப்பும் வரவில்லை, நீலமும் வரவில்லை. எல்லாம் திராட்சைச் சாறு போன்ற ஊதா. இங்கே பலர் மனம் தளர்ந்துவிடுவார்கள், தளராதீர்கள். அந்த ஊதாக்கள் இரண்டைத் தமக்குள் கலந்து அடுத்த தலைமுறை எடுத்தேன். அதில்தான் பெட்டி திறந்தது: ரோஜா, வெளிர் மண் நிறம், ஓரம் மட்டும் வெளுத்த சிவப்பு. தாத்தா பாட்டியின் சாயல் பேரப்பிள்ளையிடம் வருவது போலத்தான்.

வழக்கமான இரண்டு தொகுதிக்குப் பதிலாக நான்கு தொகுதிக் குரோமோசோம் கொண்ட ரகங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஜோசஃப் மெர்ட்ஸ்வைலர் கால்கிசின் என்ற மருந்தைப் பயன்படுத்தி அவற்றை உருவாக்கி, 1973இல் 'புரொஃபசர் கிளாட்', 'புரொஃபசர் ஐக்' என்று பதிவு செய்தார். பூ கனமாக, இதழ் தடிப்பாக அழகாக இருக்கும். ஆனால் சாதாரண ரகத்தோடு சேர்த்தால் பெரும்பாலும் விதை பிடிக்காது, பிடித்தாலும் அந்தப் பிள்ளைக்கு அடுத்து வம்சம் ஓடாது. கால்கிசின் எதிலிருந்து எடுப்பது தெரியுமா? இலையுதிர்காலக் குரோக்கஸ் என்று அழைக்கும் பூச்செடியிலிருந்து, உண்மையில் அது குரோக்கஸ் இல்லை. நம் ஊர்ச் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் அதே நஞ்சு இருக்கிறது. தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுகிறார்களே, அதுதான். வீட்டில் இந்த மருந்தைத் தொட வேண்டாம். எனக்குச் சாதாரண ரகங்களே ஒரு ஆயுளுக்குப் போதும்.

காயிலிருந்து நாற்று வரை

ஒரு வாரம் பத்து நாளில் பூவுக்கு அடியில் பச்சையாகப் புடைத்தால் பிடித்துவிட்டது. கோழிமுட்டை அளவுக்குக்கூட வளரும். காய் கனத்தில் தண்டு சாயும், ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். முற்ற ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஜூலையில் வலைத்துணிப் பையில் காயைக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் வெடித்து விதை தண்ணீரில் மிதந்து போய்விடும். தக்கை போன்ற தோல் அதற்காகத்தான், வெள்ளத்தோடு மிதந்து வேறு கரையில் ஒதுங்க.

பச்சை வெளுத்து மஞ்சளாகி, அழுத்தினால் லேசாக இளகும்போது எடுங்கள். விதையைக் காய வைக்க வேண்டாம், அன்றைக்கே போடுங்கள். ஒரு கேலன் தொட்டியில் தொட்டிமண்ணும் பைன் பட்டைத்தூளும் கலந்து, அரை அங்குல ஆழத்தில் 20 விதை. மேல்தோலை உரித்துப் போட்டால் சீக்கிரம் முளைக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் விதையைக் கீறிவிடாமல் உரிக்கப் பொறுமை வேண்டும். நாற்றங்கால் போலவே ஈரம் காயக் கூடாது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கும். சில விதைகள் ஒரு வருடம் முழுக்கத் தூங்கிவிட்டு அடுத்த குளிரில் எழும். 2021 ஆகஸ்ட் 29 அன்று ஐடா புயல் அடித்தபோது நாங்கள் ஊரைவிட்டுப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது தொட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. ஒரு தொட்டி மண்ணை அப்படியே அள்ளித் திரும்பப் போட்டு, சீட்டைத் தேடிக் குத்தி, மூலையில் வைத்தேன். அந்தக் குளிரில் ஒன்றும் வரவில்லை. 2022 டிசம்பரில் அதில் ஏழு பச்சை ஊசி நின்றது. முளைக்காத தொட்டியை இரண்டு வருடத்துக்குள் கொட்டாதீர்கள்.

நாற்று ஒரு சாண் வந்ததும் பிரித்து நடலாம். நல்ல தீனி கொடுத்தால் இரண்டாம் வசந்தத்தில் சில பூக்கும், மூன்றாவதில் பெரும்பாலானவை.

எதை வைத்துக்கொள்வது

இந்த இடம்தான் கஷ்டம். நீங்கள் பெற்றெடுத்த ஒவ்வொரு பூவும் உங்கள் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். முதல் வருடம் எதையும் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். போட்டோ எடுங்கள், எழுதுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து கடுமையாக இருங்கள். தண்டு குச்சி இல்லாமல் நிற்கிறதா? பூ இலைக்கு மேலே தெரிகிறதா? ஒரு கணுவில் ஒரு மொட்டா, இரண்டா? இரண்டு இருந்தால் ஒன்று வாடும்போது மற்றது விரியும், தண்டு பத்து நாளைத் தாண்டி நிற்கும். மத்தியான வெயிலில் நிறம் வெளுக்கிறதா? இலையில் துருநோய்ப் புள்ளி விழுகிறதா? பக்கக் கன்று விடுகிறதா? கடைசிக் கேள்வி முக்கியம். எவ்வளவு அழகான பூவாக இருந்தாலும் கன்று விடாத செடி உங்களோடு முடிந்துவிடும்.

ஒரே தாய் தந்தையில் வந்த 60 நாற்றில் நான் வைத்துக்கொண்டது மூன்று. மற்றதை மக்கு உரக் குழியில் போடுவதற்கு முன் கிழங்கைத் துண்டாக்கிக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் இரண்டு மாதம் வைத்துவிடுவேன். சதுப்புக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்று வசந்தம் பார்த்தும் மனம் மாறாத செடிக்குப் பெயர் வைக்கலாம். பதிவு செய்வது அமெரிக்கன் ஐரிஸ் சொசைட்டி. 1920இல் தொடங்கிய சங்கம், லூசியானா ஐரிஸுக்கு உலகம் முழுவதற்குமான பதிவு அங்கேதான். தாய், தந்தை, உயரம், பூக்கும் காலம், நிற விவரம் எல்லாம் கேட்பார்கள். வேறு ஐரிஸுக்கு ஏற்கெனவே வைத்த பெயரை வைக்க முடியாது. லூசியானா ஐரிஸுக்கு அவர்கள் தரும் உயர்ந்த விருது மேரி ஸ்வார்ட்ஸ் டிபெயான் பதக்கம். அழியவிருந்த சதுப்புகளிலிருந்து ஐரிஸைச் சேகரித்துக் காப்பாற்றியவர் அந்த அம்மா. 1940இல் இறந்தபோது தன் சேகரிப்பை கரோலின் டோர்மனிடம் விட்டுப் போனார். வடக்கு லூசியானாவில் பிரையர்வுட் என்ற இடத்தில் காட்டுச் செடிகளோடு வாழ்ந்த டோர்மன் அதிலிருந்து வளர்த்தெடுத்து, 'வீல்ஹார்ஸ்' போன்ற ரகங்களைத் தந்தார். இன்றைய பல ரகங்களின் வம்சத்தில் அது இருக்கிறது. 1941இல் லஃபாயெட்டில் தொடங்கிய லூசியானா ஐரிஸ் சங்கத்துக்கும் முதலில் டிபெயான் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

கொண்டாட்டம்

ஏப்ரல் தொடக்கத்தில் இங்கே ஐரிஸ் கண்காட்சிகள் நடக்கும். ஒரு பாட்டிலில் ஒரே ஒரு தண்டு, பக்கத்தில் பெயர்ச்சீட்டு. முதல் நாள் சாயங்காலம் வெட்டி, கழுத்து வரை தண்ணீரில் நிறுத்தி, குளிர்ந்த அறையில் வைத்து எடுத்துப் போங்கள். பரிசு பெரிதில்லை. எண்பது வயதுத் தோட்டக்காரர் ஒருவர் உங்கள் தண்டின் முன் குனிந்து, சீட்டில் தாய் தந்தை பெயரைப் படித்து, தலையை ஆட்டிவிட்டுப் போவார். அந்த ஒரு தலையாட்டலுக்காக நான் ஒரு வருடம் காத்திருப்பேன். போட்டிக்குப் பழகாதவர்கள் நியூ ஆர்லியன்ஸ் சிட்டி பார்க்கின் சிற்பத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், தண்ணீர் ஓரமெல்லாம் இந்த ஐரிஸ்தான். பாரடாரியாவுக்கும் கட்டாயம் போங்கள்.

எங்கள் வீட்டில் சித்திரை முதல் நாள் தட்டில் மாம்பழம், வெற்றிலை, கண்ணாடியோடு பிரெவிகாலிஸ் பூ ஒன்றும் இருக்கும். அதற்குள் மற்றதெல்லாம் முடிந்து அதுதான் மிச்சம் நிற்கும். ஐரிஸ் உண்ணக் கூடாத செடி, சாறு பட்டால் சிலருக்குக் கை அரிக்கும். அதனால் வேப்பம்பூப் பச்சடிக்குப் பக்கத்தில் வைக்காமல் தனிச் செம்பில் வைக்கிறேன். நாயும் குழந்தையும் கிழங்கைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சதுப்பில் இருப்பதைக் காப்பதும் கொண்டாட்டம்தான். கடல் உப்புநீர் உள்ளே ஏறுகிறது, வாய்க்கால் ஓரத்தில் களைக்கொல்லி அடிக்கிறார்கள், சதுப்பை மூடி வீடு கட்டுகிறார்கள். லூசியானா ஐரிஸ் கன்சர்வேஷன் இனிஷியேட்டிவ் என்ற தன்னார்வலர் அமைப்பினர், அப்படி அழியப்போகும் இடத்திலிருந்து உரிமையாளரின் அனுமதியோடு காட்டு ஐரிஸைத் தோண்டி, பொதுச் சதுப்புகளில் மக்கள் நடந்து பார்க்கும் இடங்களில் நடுகிறார்கள். அங்கே நடுவது கலக்காத செடி. அந்த மாதிரி ஒரு நாளில் முழங்கால் சேற்றில் இறங்கி நாற்று நடுவது போல வரிசையாக நட்டேன். கையில் பிடித்த விதத்தைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர் "இதற்கு முன் எங்கே நட்டீர்கள்?" என்று கேட்டார். சின்ன வயதில் அப்பாவின் வயலில் என்றேன்.

செப்டம்பரில் தூரைப் பிரிக்கும்போது மிஞ்சும் கன்றுகளை விற்காமல் கொடுத்துவிடுகிறேன், ஊரில் கறிவேப்பிலைக் கன்று கொடுப்பது போல. ஒரு கிழங்கைத் தனியாகக் கொடுத்தால் மனிதர் போல வாடும், மூன்றாகக் கொடுங்கள். இலையை ஆறங்குலத்துக்கு வெட்டி, வேரை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் வாயைக் கட்டாமல் வையுங்கள். ஒரு வாரம் தாங்கும். பைக்குள் ஒரு சீட்டு: பெயர் அல்லது தாய் தந்தை, எந்த வீட்டிலிருந்து, எந்த வருடம். இலையிலும் பென்சிலால் அதே பெயரை எழுதிவிடுங்கள், ஐரிஸ் இலையில் பென்சில் நன்றாகவே எழுதும்.